மூங்கில் கழியில் ஒரு மோடம்

கௌரவ விரிவுரையாளர், இயற்பியல் துறை

2011-ஆம் ஆண்டு செப்டம்பர் 15-ஆம் நாள், அறிஞர் அண்ணா பிறந்த நாளன்று, தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டம் தொடங்கிற்று. அரசு கலைக் கல்லூரிகளில் பயின்ற எங்களில் பலருக்கு, வீட்டு வாசற்படி ஏறி வந்த முதற் கணினி அதுதான். அதனுள் இரண்டு இயங்குதளங்கள் இருந்தன. ஒன்று விண்டோஸ், மற்றொன்று சி-டாக் நிறுவனம் உருவாக்கிய 'பாஸ் லினக்ஸ்'. இரண்டாவதைத் திறந்து பார்த்தவர் மிகச் சிலரே.

2013-இல் நான் இயற்பியல் மூன்றாம் ஆண்டு மாணவி. பென் டிரைவ் வழியே வந்த வைரஸ் ஒன்று என் கணினியின் விண்டோஸ் பகுதியை முடக்கிவிட்டது. முதுகலை நுழைவுத் தேர்வுக்கு விண்ணப்பிக்க ஐந்தே நாட்கள் மீதி. தருமபுரி பிரௌசிங் சென்டரில் என் முறை வருவதற்குள், பாப்பாரப்பட்டிப் பக்கம் எங்கள் ஊருக்குச் செல்லும் கடைசிப் பேருந்து போய்விடும். பெங்களூரில் கட்டட வேலை பார்த்த மாமா தந்த பழைய டேட்டா கார்டும், பாஸ் லினக்ஸுமே என் துணை.

எண்களை அலையாகவும் அலையை எண்களாகவும் மாற்றித் தருவதே மோடம். முன்பு தொலைபேசிக் கம்பி வழியே பேசியது, பின்பு செல்போன் கோபுரத்தோடு பேசத் தொடங்கிற்று. ஆயினும் பழைய வழக்கத்தை அது விடவில்லை. தொலைபேசியில் எண் சுழற்றுவதுபோல் *99# என்று அழைத்தால்தான் இணைப்புக் கிடைக்கும்.

ஆனால் செருகியவுடன் அந்தக் கார்டு தன்னை மோடம் என்று சொல்லவில்லை, சி.டி. என்றது! விண்டோஸுக்கு வேண்டிய மென்பொருளைத் தன்னுள்ளேயே சுமந்து வருவதால் இந்த வேடம். வேடத்தைக் கலைக்க 'யூஎஸ்பி மோட்ஸ்விட்ச்' என்னும் நிரல் வேண்டும் என்றார் கணினித் துறைப் பேராசிரியர் ஒருவர். இணையம் பெற நிரல் வேண்டும். நிரல் பெற இணையம் வேண்டும். கிணற்றில் நீர் இறைக்கக் கயிறு தேடினால், கயிறு கிணற்றுக்குள் கிடந்த கதை! பிரௌசிங் சென்டரில் அதைப் பதிவிறக்கி பென் டிரைவில் கொண்டுவந்தேன். அது இன்னொரு நிரலைக் கேட்டது. மறுநாளும் பேருந்து ஏறினேன். மூன்றாம் நாள் மாலை, 1446 என்றிருந்த கார்டின் அடையாள எண் 1001 என மாறிற்று. வேடம் கலைந்தது.

மோடத்தோடு பேசும் மொழி 1981-இல் ஹேய்ஸ் நிறுவனத்தின் மோடத்தோடு வந்தது. 'ஏ.டி.' என்று தொடங்கினால் 'கவனி' என்று பொருள். சிக்னல் எவ்வளவு என்று கேட்டால், 0 முதல் 31 வரை ஓர் எண்ணைச் சொல்லும். எங்கள் வீட்டினுள் கேட்டேன்: 3. திண்ணையில் 7. நீண்ட யூஎஸ்பி கேபிளில் கார்டை மாட்டி, மூங்கில் கழியின் நுனியில் கட்டினான் தம்பி. மாட்டுக்கொட்டகை ஓரம் நின்று அதைத் தூக்கிப் பிடித்தான்.

"அக்கா, இப்ப எவ்வளவு?"

"பத்து. இன்னும் கொஞ்சம் கிழக்கே நகருடா!"

"இப்பக்கா?"

"பதினாறு! ஆடாம நில்லு!"

அழைத்தேன். கறுப்புத் திரையில் 'கனெக்ட்' என்ற ஒற்றைச் சொல் தோன்றிற்று. புகைப்படம் ஏறுவதற்கே நெடுநேரம் பிடித்தது. இரவு பதினோரு மணிக்கு விண்ணப்ப எண் வந்தது. தம்பியின் கை மரத்துப்போயிருந்தது. அம்மா எண்ணெய் தேய்த்துவிட்டார். அந்த விண்ணப்பமே என்னை முதுகலைக்கு அனுப்பிற்று.

மாணவ நண்பர்களே! இன்று மோடம் உங்கள் கைப்பேசிக்குள்ளேயே ஒளிந்திருக்கிறது. அதனோடு பேசவேண்டிய தேவை உங்களுக்கு நேர்வதில்லை. ஆனால் ஒன்று சொல்வேன். 'வேலை செய்யவில்லை' என்பது எவருக்கும் உதவாத விடை. 'சிக்னல் 3' என்பது உதவும் விடை. அதைக் கேட்டபின் கழியைத் தூக்கலாம். இயற்பியல் ஆய்வகத்தில் நாம் கற்பதும் இதுதானே? குறையை எண்ணாகச் சொல்லும் கருவி, கேட்கத் துணிந்தவர் எவர்க்கும் விடை தரும். அவர் பட்டணத்தாரா, பட்டிக்காட்டாரா என்று அது பார்ப்பதில்லை.