தாக்காட்டினதும் திருத்தினதும்

அளவெட்டியில் கடல் இல்லை. செம்மண், கிணறு, வெங்காயம், புகையிலை, பிறகு தவிலும் நாதஸ்வரமும். வெளியில ஆரும் கேட்டால் தட்சணாமூர்த்தியின்ர ஊர், மஹாகவியின்ர ஊர் எண்டுதான் நாங்கள் சொல்லுவம். ஆனால் 1990இல் மயிலிட்டிச் சனம் இடம்பெயர்ந்து வந்தபோது, சிலர் எங்கட பக்கமும் தங்கினவை. மயிலிட்டித் துறைமுகம் திரும்பக் கிடைச்சது 2017 ஆடியில். 27 வருசம்! எங்கட ஒழுங்கையில் இருக்கிற மாமா ஒருத்தர் இப்பவும் இங்கயிருந்துதான் தொழிலுக்குப் போய் வாறார். கலைப்பீடப் பிள்ளையள் எங்களுக்கு எஞ்சினைப் பற்றி யோசிக்க வைச்சது அவற்ற போட்டுதான்.

2022 எல்லாருக்கும் நினைவிருக்கும். மண்ணெண்ணெய்க்கு வரிசை, பிறகு வரிசையில் நிண்டும் இல்லை. ஆவணியில் லீற்றர் 87 ரூபாவிலிருந்து ஒரே நாளில் 340 ரூபாவானது. மாமாவின்ர போட் மாதக்கணக்கில் கரையில் கிடந்தது. திரும்ப இறக்கினபோது எஞ்சினுக்குள் ஒரு தட்டுற சத்தம். மூண்டாம் நாள் இறுகிப்போச்சு.

அது இரண்டு சிலிண்டர் டூ ஸ்ட்ரோக் எஞ்சின். இந்த வகைக்கு ஒயில் தனியாக இல்லை. எரிபொருளோட கலந்த ஒயில்தான் கிராங்க் ஷாப்டையும் அதின்ர பெயரிங்குகளையும் நனைக்குது. ஓடாமல் கிடந்தால் அந்த ஈரம் காஞ்சுபோகும். உப்புக் காத்து உள்ள போகும். கழட்டிப் பார்த்தால், கொன்றொட் பிடிக்கிற பின்னில் அம்மைத் தழும்பு மாதிரிக் குழிகள். அதுக்கு மேல உருள வேண்டிய உருளைகள் துருப்பிடிச்சுத் தேஞ்சிருந்தன.

லேத் பட்டறையில் எங்களுக்கு வந்த முதல் கேள்வி, இதைக் கடைஞ்சு எடுக்கேலாதோ எண்டதுதான். உழவு மிசின், டீசல் எஞ்சின் கிராங்குகளை அப்பிடித்தான் செய்யினம். அது ஒரே துண்டு. தேய்மானத்தை மைக்ரோமீற்றரால் அளந்து, 0.25 அல்லது 0.50 மில்லிமீற்றர் குறைச்சுக் கடைஞ்சு, அந்தளவுக்குத் தடிப்பான பெயரிங் போடலாம். மாமாவின்ர கிராங்க் வேற சாதி. துண்டு துண்டாகச் செய்து, அழுத்திப் பொருத்தினது. அதில பின்னே பெயரிங்கின்ர உள்வளையம். அதின்ர மேற்பரப்பைக் கடினமாக்கியிருப்பினம். கடைஞ்சால் அந்தக் கடினம் போயிடும், உருளையும் பொருந்தாது.

மிஞ்சினது இரண்டு வழி. ஒண்டு, குழிகளை வெல்டிங்கால் நிரப்பிக் கடைஞ்சு விடுறது. மலிவு, இரண்டு நாள் வேலை. மற்றது, கிராங்கைப் பிரஸ்ஸில் வைச்சுப் பிரிச்சு, புதுப் பின், புதுக் கொன்றொட், புது பெயரிங் போட்டுத் திரும்பப் பொருத்துறது. அதுக்குச் சாமான் கொழும்பிலயிருந்து வரவேணும்.

எங்களுக்கு முதல் வழியிலதான் ஆசை. நாங்கள் பொருளாதாரத் தடைக் கதைகள் கேட்டு வளர்ந்த பிள்ளையள். சொட்டுப் பெற்றோல் விட்டு ஸ்டார்ட் பண்ணி மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓடினது, சைக்கிள் டைனமோவைச் சுத்தி றேடியோ கேட்டது, ஜாம் போத்தலில் விளக்குச் செய்தது. அந்தக் கெட்டித்தனத்தில் எங்களுக்குப் பெருமை. "அப்ப வெல்டிங் பண்ணி ஓடினவைதானே அண்ணை?" எண்டு கேட்டம்.

பட்டறை அண்ணை சிரிக்கேல்லை. "ஓடினது தம்பியவை. எத்தினை நாள் ஓடினது எண்டு ஆர் சொன்னது? மண்ணெண்ணெயில ஓடின எஞ்சினுகளில ஒயில் தண்ணியாகி, பெயரிங் எல்லாம் போச்சு. நாங்கள் தாக்காட்டினது. வேற வழி இருக்கேல்லை. திருத்தினது எண்டு சொல்லாதேங்கோ."

பிறகு மாமாவைப் பார்த்து, "வெல்டிங் சூட்டில பின்ன்ர பதம் மாறியிடும். உரிஞ்சால் றோட்டில இல்லை, கடலில. நான் செய்யமாட்டன்" எண்டார்.

மாமா அதுக்கு மேல பேசேல்லை. நடுக்கடலில் எஞ்சின் நிண்டால் என்ன நடக்கும் எண்டு அவருக்குத் தெரியும். காத்தும் நீரோட்டமும் இழுக்கிற பக்கம் போட் போகும். 1974இல் கடலில் போட்ட எல்லைக்கோடு ஆருக்கும் கண்ணில் தெரியாது. மாமியின்ர காப்பு அடைவுக்குப் போனது. சாமான் வந்தது.

பொருத்தினதும் வேலை முடியேல்லை. கிராங்கை இரண்டு தாங்கியில் வைச்சு மெதுவாகச் சுத்தி, டயல் கேஜ் முள்ளைப் பார்த்து, செம்புச் சுத்தியலால் தட்டித் தட்டி நேராக்க வேணும். ஒரு மில்லிமீற்றரின்ர நூறில் சில பங்குக்குள் ஆட்டம் அடங்கோணும். அண்ணைக்கு அது ஒரு பின்னேரம் முழுக்கப் பிடிச்சது. முள் அசையாமல் நிண்டபிறகுதான் தேத்தண்ணி குடிச்சார்.

அதுக்குப் பிறகு தடைக்காலக் கதைகளை நாங்கள் கொஞ்சம் மாத்திக் கேட்கப் பழகியிருக்கிறம். சனத்தின்ர கெட்டித்தனம் உண்மை, அதில குறை சொல்ல எங்களுக்குத் தகுதியில்லை. ஆனால் அதைக் கொண்டாடுற வேகத்தில், அவை என்னத்தை இழந்து அதைச் செய்தவை எண்டதை நாங்கள் கேட்கிறதில்லை. இல்லாமையில் செய்ததை வழக்கமாக்கிப்போட்டால், "உங்களுக்கு இது காணும்தானே" எண்டு மற்றவையும் சொல்லுவினம். 2022இலயும் அதைத்தான் சொன்னவை: எங்கட சனம் எப்பிடியும் சமாளிக்கும்.

வீட்டில அப்பா, பெரியப்பா ஆரும் அந்தக் காலத்துக் கதை சொன்னால், அது எப்பிடி ஓடினது எண்டு மட்டும் கேட்காதேங்கோ. எப்ப நிண்டது, ஆருக்கு என்ன நடந்தது எண்டும் கேளுங்கோ. கேட்டு எழுதியும் வையுங்கோ.