கறுப்புக் கோடு

உத்திரமேரூர்ப் பக்கம் மனை வாங்குவதென்று முடிவு செய்தேன். செய்யச் சொன்னது மனைவி, இடம் காட்டியது மைத்துனர், அட்வான்ஸ் ஐம்பதாயிரம் மட்டும் என்னுடையது!

பத்திரத்துக்கு ஒரு வாரம் இருக்கும்போது, செயின்மேனாக இருந்து ரிடையரான பெரியப்பாவின் டிரங்குப் பெட்டியில் ஒரு மேப் கிடைத்தது. சர்வே ஆஃப் இந்தியா, மைலுக்கு ஓர் அங்குலம், 57 பி தொகுதி. (பி.காம். ‘பி’ இல்லை சார், பி.எஃப். ‘பி’!) மடிப்பில் கிழியாதிருக்க, துண்டு துண்டாக வெட்டித் துணியில் ஒட்டியிருந்தது.

இந்தியாவை முக்கோணம் முக்கோணமாக அளக்க ஆரம்பித்ததே நம்ம பக்கம்தான். 1802-ல் லாம்டன் என்ற வெள்ளைக்காரர் பரங்கிமலையருகே முதல் கோட்டை அளந்தார். நீளம் ஏழரை மைல். ஏழரை! அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

செய்யாறு, ஏரி, ஏரிக்கரை எல்லாம் இருந்தன. என் மனை இருக்கும் இடத்தில் மஞ்சள் வயல், நடுவே வளைந்து ஒரு கறுப்புக் கோடு. “பார்த்தியா, அந்தக் காலத்துலேயே ரோடு இருந்திருக்கு” என்றேன் பெருமையாக.

மனைவி அடியிலிருந்த பொடி எழுத்தைப் படித்தாள். “ஏங்க, ரோடுன்னா சிவப்பாம். வருஷம் பூரா தண்ணி இருந்தா நீலம். மழைக்கு மட்டும் ஓடுற ஓடைதான் கறுப்பு.”

ஞாயிற்றுக்கிழமை மேப்பும் கையுமாகப் போனேன். டீக்கடைப் பெரியவர் எட்டிப் பார்த்தார்.

“நம்ம ஓடையில்ல இது! 2015 மழையில இடுப்பளவு ஓடிச்சு தம்பி. அப்புறம்தான் மண்ணடிச்சு மூடினாங்க.”

“அங்கே முப்பதடி ரோடு போட்டிருக்காங்களே?”

“அதுக்கு அடியிலதான் படுத்திருக்கு.”

பஸ்ஸுக்கு நேரமிருந்தது. வைகுந்தப் பெருமாள் கோயிலில் குடவோலைக் கல்வெட்டைப் பார்த்தேன். முதலாம் பராந்தகன் காலம், கி.பி. 921. ஏரியைக் கவனிக்கவே ஆறு பேர் கொண்ட வாரியம். உறுப்பினராக 35 வயது ஆகியிருக்க வேண்டும். கணக்குக் காட்டாதவன் நிற்க முடியாது. அவன் சொந்தக்காரர்களும் முடியாது. மைத்துனரை நினைத்துக்கொண்டேன்.

மனை விற்றவரிடம் போய் நின்றேன். கோபமே படாமல் சிரித்தார்.

“அட்வான்ஸைத் திருப்பித் தர்ற பழக்கம் இல்லீங்க. ரோட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு மனை இருக்கு, மாத்தித் தர்றேன். அங்க ஓடை கீடை எதுவும் கிடையாது.”

மேப்பைப் பிரித்தேன். உண்மைதான், கறுப்புக் கோடு இல்லை. ஒரு குட்டை இருந்தது, நல்ல நீலத்தில்.