மகாவலியின் மறுகரையில் போத்தலுக்குள் வாழை

கண்டிப் பக்கம் சுற்றுலா போனால் நாம் பேராதனைப் பூந்தோட்டத்தைப் பார்த்து, மர நிழலில் சோற்றுப் பார்சலைப் பிரித்துச் சாப்பிட்டுவிட்டுத் திரும்பிவிடுகிறோம். அடுத்த முறை, பூந்தோட்டத்தை வளைத்தோடும் மகாவலியின் மறுகரைக்கும் போய் வாருங்கள். அதுதான் கன்னொறுவை. 1638இல் இரண்டாம் இராஜசிங்கன் போர்த்துக்கேயரைத் தோற்கடித்த ஊர். இன்று அங்கே விவசாயத் திணைக்களத்தின் ஆய்வு நிலையங்கள் இருக்கின்றன. வாழையை இழைய வளர்ப்பு முறையில் பெருக்கும் வேலையும் அவற்றுள் ஒன்று.

அது நமக்கெதற்கு என்கிறீர்களா? உங்கள் வளவைப் பாருங்கள். கோழிக்கூட்டு வாழை இலை மஞ்சளாகி, மடிந்து, வாடிச் சாகிறதா? அது பனாமா வாடல். மண்ணில் பல்லாண்டு தங்கும் பங்கசு அதற்குக் காரணம். இலைகள் குறுகி உச்சியில் கொத்தாக நிற்கின்றனவா? அது 1913இலேயே இலங்கையில் காணப்பட்ட வைரசு நோய். அழுக்கணவன் பூச்சி அதைப் பரப்புகிறது. இரண்டு நோயும் குட்டியோடும் வந்து சேரும். பக்கத்து வீட்டு ராத்தா அன்போடு தந்த குட்டிக்குள் நோய் இருப்பது அவருக்கும் தெரியாது, நமக்கும் தெரியாது.

இதற்காகத்தான் போத்தலில் வளர்க்கிறார்கள். நோயில்லை என்று சோதித்தறிந்த தாய்வாழையின் குட்டியிலிருந்து, உள்ளே இருக்கும் சின்னஞ்சிறு குருத்தை வெட்டியெடுத்துக் கிருமி நீக்குகிறார்கள். நோன்பு திறக்க நாம் காய்ச்சும் கடற்பாசி போன்ற பொருளில் சீனியும் சத்துக்களும் சேர்த்து உறைய வைத்து, அதில் குருத்தை நடுகிறார்கள். ஒன்று பலவாகிறது. வேர்விட்ட பின் நிழல் வலைக்குள் வைத்துப் பழக்கி, பிறகே தோட்டத்துக்குத் தருகிறார்கள்.

ஒன்றை மறந்துவிடாதீர்கள். போத்தல் கன்று சுத்தமான கன்று, அவ்வளவுதான். நோயை எதிர்க்கும் சக்தி இனத்தைப் பொறுத்தது. கோழிக்கூட்டு வாடிச் செத்த குழியில் சுத்தமான கோழிக்கூட்டை நட்டாலும் அதுவும் வாடும். அந்த இடத்தில் வேறு இனத்தை நடுங்கள். கொத்து நோய் கண்ட வாழையைக் கிழங்கோடு தோண்டி அழித்துவிடுங்கள். அதன் குட்டியை யாருக்கும் கொடுக்காதீர்கள்.

மரம் நடுவது ஸதகா என்று நபி (ஸல்) அவர்கள் நமக்குக் கற்றுத் தந்தார்கள். அயல் வீட்டுக்கு நாம் கொடுக்கும் குட்டி நோயைச் சுமந்து போகாமல் பார்த்துக்கொள்வதும் அந்த ஸதகாவில் சேரும், இன்ஷா அல்லாஹ்.