முக்கால் பங்கு

நன்னூலின் பொதுப்பாயிரத்தில் பாடம் கேட்கும் முறையைச் சொல்லுமிடத்தில் பவணந்தி முனிவர் ஒரு கணக்குப் போடுகிறார். ஆசிரியர் சொன்னதை எவ்வளவு கருத்தாகக் கேட்டுக்கொண்டாலும் மாணவனுக்குக் கிடைப்பது புலமையில் காற்பங்குதான். உடன் பயில்வோரோடு பழகுவதால் இன்னொரு காற்பங்கு. மீதி அரைப்பங்கு, கற்றதைப் பிறருக்கு எடுத்துரைக்கும்போதுதான் வந்து சேரும். ஆசிரியத் தொழிலில் இருப்பவர்களுக்கு அவ்வளவாக உவப்பளிக்காத கணக்கு இது. நான் ஆண்டுதோறும் இதை நடத்துகிறேன். மாணவர்களும் தேர்வுக்குரிய நான்கு வரியாக எழுதிக்கொள்கிறார்கள்.

இந்தக் கணக்குக்கு எனக்கு உரை எழுதித் தந்தவர்கள் எங்கள் கல்லூரியின் இயற்பியல் மாணவர்கள். தமிழ்த்துறை அறையை ஒட்டி அவர்களுடைய ஆய்வகத்தின் தாழ்வாரம் இருக்கிறது. சுற்றுக் கிராமங்களுக்குப் போகும் பேருந்து ஐந்தேகாலுக்குத்தான் வரும். பருவத் தேர்வு நெருங்கினால் அந்த ஒன்றரை மணி நேரத்தில் பழைய வினாத்தாள்களின் நகல்களைத் தரையில் பரப்பிக்கொண்டு ஏழெட்டுப் பேர் உட்கார்ந்துவிடுவார்கள். என் ஜன்னலுக்குக் காதுகள் உண்டு.

அவர்களில் ஒருவன் பன்னிரண்டாம் வகுப்புவரை அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவன். இங்கே பாடமும் தேர்வும் ஆங்கிலத்தில். முதல் பருவத்திலேயே மாற்றுச் சான்றிதழை வாங்கிக்கொண்டு திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போய்விடுவதாகச் சொல்லிக்கொண்டிருந்தான். இன்னொருத்தி ஆங்கில வழியில் படித்தவள். சூத்திரங்களை மூச்சுவிடாமல் ஒப்பிப்பாள். அன்று வந்த வினா எளியதுதான். ஒரு கல்லை நொடிக்கு 20 மீட்டர் வேகத்தில் செங்குத்தாக மேலே எறிகிறோம். புவியீர்ப்பு முடுக்கம் 10 என்று கொண்டால், அது எட்டும் உயரம் என்ன? உச்சியில் அதன் வேகம் என்ன, முடுக்கம் என்ன?

உயரம் 20 மீட்டர், உச்சியில் வேகம் சுழி என்று அவள் போட்டுவிட்டாள். ஆக்சிலரேஷனும் சுழி என்று எழுதினாள். விடைத்தாளில் 10, கீழ்நோக்கி என்று இருந்தது. "அப்படித்தான் மனப்பாடம் பண்ணிக்கணும்" என்றாள்.

"எனக்குப் புரியலை. ஆக்சிலரேஷன்னா முடுக்கம்தானே?" என்றான் அவன்.

"ஆமா. அதுக்கென்ன?"

"எங்க ஊர்ல மாட்டை முடுக்குறதுன்னு சொல்வோம். நிக்கிற மாட்டையும் முடுக்கலாம்ல? கல்லு மேல போய் ஒரு கணம் நின்னாலும் பூமி அதை முடுக்கிக்கிட்டேதானே இருக்கு? முடுக்கலேன்னா கல்லு அங்கேயே தொங்கிக்கிட்டு நிக்கணுமே."

சிறிது நேரம் யாரும் பேசவில்லை. பிறகு அவள், "இன்னொரு தடவை சொல்லுடா" என்றாள்.

இருபதாண்டுகளாகச் சொற்பிறப்பு நடத்துகிறேன். ஒரு கலைச்சொல் இப்படி உழவு மாட்டின் பின்னாலிருந்து நடந்துவந்து ஒரு கணக்கை அவிழ்த்ததை அன்றுதான் கேட்டேன். அடுத்த அரைமணி நேரம் அவள் அவனுக்கு அதே விடையை ஆங்கிலத்தில் எழுதப் பழக்கினாள்.

இன்று விடை எல்லார் கைபேசியிலும் இருக்கிறது. கேட்ட நொடியில் படிப்படியாகக் காட்டிவிடும். ஆனால், அது நம்மைப் பார்த்து 'எனக்குப் புரியவில்லை' என்று சொல்வதில்லை. அருகில் அமர்ந்திருக்கும் தோழன்தான் சொல்கிறான். அப்படிச் சொல்லும்போதுதான் நாமும் அறிந்திருக்கவில்லை என்பது நமக்குத் தெரிகிறது. பவணந்தியார் எடுத்துரைத்தலுக்கு அரைப்பங்கு தந்ததன் காரணம் இதுவாகத்தான் இருக்கவேண்டும். எடுத்துரைக்க எதிரே ஒருவர் வேண்டும்; அவர் புரியாதவராகவும், அதைச் சொல்லக் கூசாதவராகவும் இருக்கவேண்டும்.

அவன் திருப்பூருக்குப் போகவில்லை. அந்தத் தாளில் தேறிவிட்டான். முதல் மதிப்பெண்ணெல்லாம் இல்லை. அதே வகுப்பில் படிப்பை நிறுத்திவிட்டுப் போனவன் வேறொருவன். அவனும் தமிழ் வழியில் வந்தவன்தான், அறிவில் குறைந்தவனுமல்லன். வகுப்பு முடிந்ததும் டவுனில் ஒரு ஜவுளிக்கடைக்கு வேலைக்கு ஓடுவான். தாழ்வாரத்தில் அவன் உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை. வகுப்புகளுக்கு ஒழுங்காக வந்தான். வருகைப் பதிவேட்டில் அவனுக்குக் குறையொன்றும் இல்லை. ஆசிரியர்கள் கொடுக்க முடிந்த காற்பங்கை முழுமையாக வாங்கிக்கொண்டுதான் போனான்.

கால அட்டவணையில் நாம் கட்டம் போட்டு வைத்திருப்பதெல்லாம் அந்தக் காற்பங்குக்குத்தான். மீதி முக்கால் பங்கைப் பேருந்து தாமதமாக வருவதை நம்பி விட்டிருக்கிறோம். காத்திருக்க நேரமில்லாத பிள்ளைகளுக்கு அதை யார் கொடுப்பது?