ஒரு வீடும் இரண்டு வாக்குகளும்

வட அயர்லாந்தின் டைரோன் கவுண்டியில் டங்கானன் ஊரக வட்டம் என்றொரு நிர்வாகப் பிரிவு இருந்தது. இன்றைய நிலப்படத்தில் தேடினால் அது நமக்குக் கிட்டாது. 1898-ஆம் ஆண்டின் அயர்லாந்து உள்ளாட்சிச் சட்டத்தால் பிறந்து, 1973-இல் மறைந்தது. நிலக்கிழார்களின் கைகளிலிருந்த ஊர் நிர்வாகத்தை மக்கள் தேர்ந்த மன்றங்களிடம் ஒப்படைத்த நல்ல சட்டம் அது. உழைப்பாளர்க்கு வீடு கட்டித் தருவது அம்மன்றங்களின் தலையாய பணிகளுள் ஒன்று. தென்பகுதியில் இவ்வட்டங்களில் பெரும்பாலானவை 1925-இல் நீக்கப்பட்டன, வடக்கில் நிலைத்தன.

வீடு கேட்டு வருவோர்க்கு மனு எழுதிக் கொடுத்துப் பழகிய நமக்கு, டங்கானனின் கதை எளிதில் விளங்கும். அங்கே உள்ளாட்சி வாக்குரிமை, பெரும்பாலும் வீட்டுக்கு உரியவருக்கும் அவர் துணைக்கும் மட்டுமே இருந்தது. பெற்றோருடன் வாழ்ந்த வளர்ந்த பிள்ளைகளுக்கோ, ஒண்டுக்குடித்தனம் செய்தோர்க்கோ வாக்கில்லை. எனவே ஒரு குடும்பத்துக்கு வீடு தருவது இரண்டு வாக்குகளைத் தருவதாயிற்று. வீடு யாருக்கு என்பதை அந்தந்தப் பகுதி உறுப்பினரே பெரும்பாலும் தீர்மானித்தார். அதிகாரத்திலிருந்த ஐக்கியவாதிகள் கத்தோலிக்கருக்கு வீடளிக்கத் தயங்கியதன் சூட்சுமம் இதுவே. சமயப் பகை என்று மட்டும் இதனைச் சொல்லிவிட நமக்கு மனமில்லை. அதற்கடியில் வாக்குக் கணக்கு இருந்தது.

1968 ஜூனில் கலிடன் சிற்றூரில் புதிய வீடொன்று, மணமாகாத 19 வயதுப் புரோட்டஸ்டாண்டுப் பெண்ணுக்கு ஒதுக்கப்பட்டது. அவர் ஐக்கியவாதக் கட்சியைச் சார்ந்த வழக்கறிஞர் ஒருவரிடம் பணியாற்றியவர். (அப்பெண்ணைக் குறைகூற நாம் துணியோம், கேட்டார், கொடுத்தார்கள்.) ஆனால் அதே வேளையில், பக்கத்து வீட்டில் அனுமதியின்றிக் குடியேறியிருந்த கத்தோலிக்கக் குடும்பமொன்று பிள்ளைகளோடு வெளியேற்றப்பட்டது. சட்டமன்ற உறுப்பினர் ஆஸ்டின் கரி மன்றத்தில் முறையிட்டார், பயனில்லை. ஜூன் 20 அன்று இருவருடன் அவ்வீட்டினுள் புகுந்து அமர்ந்தார். சில மணி நேரத்தில் காவலர் அவர்களை வெளியேற்றினர்.

ஆகஸ்ட் 24 அன்று கோலைலண்டிலிருந்து டங்கானனுக்கு ஆயிரக்கணக்கானோர் நடந்தனர். வட அயர்லாந்துக் குடியுரிமை இயக்கத்தின் முதல் பேரணி அது. நகரச் சதுக்கத்தினுள் நுழையவிடாமல் காவலர் மறித்தும், கூட்டம் அமைதியாகவே கலைந்தது. பின்வந்த இரத்த ஆண்டுகளை நினைக்கையில் அந்த மாலையின் அமைதி நமக்கு வியப்பளிக்கிறது.

1969-இல் உள்ளாட்சியிலும் அனைவர்க்கும் வாக்கு என்பது சட்டமாயிற்று. 1971-இல் அமைந்த வீட்டுவசதி நிர்வாகம், வீடு வழங்கும் பொறுப்பை மன்றங்களிடமிருந்து எடுத்துக்கொண்டது. புதிய வாக்குரிமையின்படி முதல் உள்ளாட்சித் தேர்தல் 1973 மே மாதத்தில் நடந்தபோது, மக்கள் தேர்ந்தது புதிய மாவட்ட மன்றங்களை. டங்கானன் ஊரக வட்ட மன்றத்துக்கு எல்லாரும் வாக்களித்த தேர்தல் ஒன்றுகூட நடைபெறவில்லை.