தாதர் பூச்சந்தையும் வீட்டுத் தொடுப்பும்

தாதரில் மத்திய ரயில்வேயும் மேற்கு ரயில்வேயும் தோளுரசி நிற்கின்றன. 2023 டிசம்பரில் இரண்டின் நடைமேடைகளுக்கும் 1 முதல் 14 வரை தொடர் எண்ணிட்டார்கள். அதற்கு முன், ‘எந்த ஒன்றாம் மேடை?’ என்போருக்கு விடை சொல்லியே எங்களைப் போன்ற எழுத்தர்களுக்குத் தொண்டை வறளும்.

ஞாயிறு விடியலில் மேற்குப்புறப் பூச்சந்தைக்குக் குடும்பத்தோடு சென்றோம். இங்கே மல்லிகை ‘மோக்ரா’, முருங்கைக்காய் ‘சேவ்கா’. உதிரிப்பூவை நிறுத்தே விற்பர். மகள் மராத்தியில் சளைக்காமல் பேரம் பேசினாள், மகிழ்ந்தோம். ஆனால், “முழம் என்றால் என்ன, அப்பா?” என்று அவள் கேட்டபோது எங்கள் உள்ளம் சுருக்கென்றது. கால் கிலோ மல்லிகை வாங்கினோம்.

மராட்டியப் பெண்டிர் ஊசியில் நூல் கோத்துக் கஜரா செய்வர். நம் தொடுப்புக்கு விரலே ஊசி; வாழைநார் கிட்டாத நாளில் நூலே துணை. இப்புறம் இரண்டு, அப்புறம் இரண்டு பூக்களை வைத்துச் சுருக்கிட்டு இழுக்கவேண்டும். இறுக்கினால் காம்பு அறும். தளர்த்தினால் பூ உதிரும். இல்லாள் காட்டிக்கொடுக்க, மகள் மூன்று முறை அவிழ்த்துக் கட்டினாள். பள்ளிப் பாடத்தில் இத்தனை பொறுமையை நாங்கள் கண்டதில்லை!

முடிவில் முழங்கை முதல் விரல்நுனி வரை அளந்து, “ஒரு முழம்!” என்றாள். எங்கள் கையால் அது முக்கால் முழமே. “மாதுங்காவில் யார் கையால் அளப்பார்கள்?” என்று கேட்டாள்.