வளைவில்லாப் பாதையிலே...

அவுஸ்திரேலியாவின் வரைபடத்தில் மேற்கே இருக்கும் பேர்த் நகரையும், தெற்கே இருக்கும் அடிலெய்ட் நகரையும் இணைத்துப் பாருங்கள். தரைவழியே சுமார் 2,700 கிலோமீற்றர். நடுவே கிடப்பது நல்லர்போர் சமவெளி. 'மரம் இல்லாதது' என்பதே அந்த லத்தீன் பெயரின் பொருள். பொருத்தமான பெயர்தான் என்பதைக் கண்ணால் கண்டுவந்தேன்.

2017 டிசம்பர் விடுமுறையில் பேர்த்தில் வசிக்கும் என் ராத்தாவின் வீட்டுக்குப் போயிருந்தேன். அடிலெய்டில் வாழும் அவருடைய மகளுக்குக் குழந்தை பிறந்திருந்த நேரம். தொட்டிலும் சாமான்களுமாக ஜீப்பிலேயே போவதென மச்சான் முடிவெடுத்திருந்தார். ராத்தாவுக்கு அதில் விருப்பமில்லை.

"ஒப்பரேஷன் செஞ்ச முழங்காலோட நாலு நாளைக்கு அக்சிலரேட்டரை மிதிக்கப் போறாராம். நீங்களாவது சொல்லுங்க தம்பி" என்றார்.

மச்சானின் வாகனம் 4.2 லீற்றர் டீசல் எஞ்சின் பூட்டிய பழைய டொயோட்டா லேண்ட் குரூசர். பாறைபோல உறுதி. ஆனால் 'குரூஸ் கொன்ட்ரோல்' அதில் இல்லை. வேண்டிய வேகத்தை ஒருமுறை குறித்துவிட்டால், காலை எடுத்த பிறகும் வாகனத்தை அதே வேகத்தில் ஓடவைக்கும் கருவி அது. அதைத் தனியாக வாங்கிப் பூட்டினால் முழங்காலுக்கு ஓய்வு என்பது மச்சானின் வாதம். "காலுக்கு ஓய்வு குடுத்தா கண்ணும் ஓய்வு கேக்குமே!" என்பது ராத்தாவின் அச்சம். இரு பக்கமும் நியாயம் இருந்தது.

இந்தக் கருவியைக் கண்டுபிடித்த அமெரிக்கப் பொறியியலாளர் றால்ஃப் டீட்டர், ஐந்து வயதிலேயே பார்வையை இழந்தவர். கார் ஓட்டிக்கொண்டே கதைத்த அவரது வழக்கறிஞர் வேகத்தைக் கூட்டியும் குறைத்தும் குலுக்கியதுதான் அவரை யோசிக்க வைத்ததாம். 1950இல் காப்புரிமை கிடைத்தது. 1958இல் கிரைஸ்லர் நிறுவனத்தின் இம்பீரியல் காரில் அது வந்தது.

கராஜில் பூட்டுவதைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். பெற்றோல் எஞ்சினின் உள்ளே காற்றை உறிஞ்சும் இழுவிசை உண்டு. பழைய கருவிகள் அந்த விசையாலேயே வேலை செய்தன. டீசல் எஞ்சினில் அது கிடையாது. பிரேக்குக்கென்று தனிப் பம்ப் ஒன்று உறிஞ்சுகிறது. பிரேக்குக்கு உரியதில் கை வைக்காமல் இருப்பதே நல்லது. ஆகவே மின்மோட்டரால் இயங்கும் கருவியைத் தெரிவு செய்தார்கள். அதன் கேபிள், டீசலை அளந்து அனுப்பும் பம்பின் நெம்புகோலை இழுக்கிறது. பின்சில்லுகளுக்குச் சக்தி கொண்டுபோகும் நீண்ட தண்டில் சிறு காந்தங்களைப் பூட்டி, அதன் சுழற்சியிலிருந்து வேகத்தை அறிகிறது. மேட்டில் வேகம் குறைந்தால் கூடுதலாக இழுக்கும், பள்ளத்தில் தளர்த்தும். பிரேக்கைத் தொட்டவுடன் விட்டுவிட வேண்டும் என்பதற்காக பிரேக் விளக்கின் வயரோடும் இணைப்புக் கொடுத்தார்கள்.

ஓட்டிப் பார்க்கையில் ராத்தாவும் ஏறிக்கொண்டார். மணிக்கு 80 கிலோமீற்றரில் கருவி அழகாகப் பிடித்துக்கொண்டது. கியர் மாற்ற மச்சான் கிளட்சை மிதித்தார். எஞ்சின் அலறியதே பார்க்கலாம்! சுமை விடுபட்டும் கேபிள் இழுத்துக்கொண்டே இருந்தது. மச்சான் பிரேக்கை மிதித்ததும் அடங்கியது. பெற்றோல் வாகனமாயின், தீப்பொறியின் எண்ணிக்கை திடீரெனக் கூடுவதைக் கொண்டு கருவி விட்டுவிடச் செய்யலாம். டீசலில் தீப்பொறியே இல்லையே! அதனால் கிளட்சுக்குத் தனி சுவிட்ச் பூட்ட வேண்டும். அதை மறந்துவிட்டார்கள்.

"பிடிக்கிறது பெரிய காரியமில்ல. விடச் சொன்னா உடனே விடணும்" என்றார் ராத்தா. சுவிட்ச் பூட்டிய பின்னர் பத்துத் தடவை மிதித்துக் காட்டும்வரை அவர் இறங்கவில்லை.

முதல் நாள் நோர்ஸ்மன் ஊரில் தங்கி, மறுநாள் அயர் நெடுஞ்சாலையில் ஏறினோம். 1841இல் இந்தக் கரையோரமாகப் பெருந்துன்பத்துடன் நடந்து கடந்த எட்வர்ட் ஜோன் அயரின் பெயர் அதற்கு. பலடோனியாவைத் தாண்டியதும் ஒரு பலகை: 146.6 கிலோமீற்றருக்கு வளைவே இல்லை! இருபுறமும் குட்டைப் புதர்கள், மேலே வானம், எதிரே கோடு கிழித்தாற்போல் தார்வீதி. 110 வரை அனுமதி இருந்தும் மச்சான் 95இல் வைத்தார். முகத்தில் வலி இல்லை. கால் பிரேக்கின் அருகே சும்மா இருந்தது.

முக்கால் மணித்தியாலம் கழிந்திருக்கும். ராத்தா ஏதோ கேட்டார். பதில் தாமதமாக வந்தது. இன்னொன்று கேட்டார். "ம்" என்ற சத்தம் மட்டும். தூரத்தே சிறு புள்ளியாக, பல பெட்டிகளை இழுத்துவரும் பெரிய லொறி ஒன்று எதிரே வந்துகொண்டிருந்தது.

"இஞ்ச பாருங்க, பிரேக்கை மிதிங்க!" என்றார் ராத்தா.

மச்சான் திடுக்கிட்டு மிதித்தார். கருவி விட்டது. ஓரங்கட்டினோம். லொறி காற்றை அறைந்துகொண்டு போயிற்று. சற்று நேரம் ஒருவரும் பேசவில்லை. ராத்தா பிளாஸ்கிலிருந்து தேநீர் ஊற்றினார்.

"கண் திறந்துதான் இருந்திச்சு. ஆனா ரோட்டைப் பாத்த ஞாபகம் இல்ல" என்றார் மச்சான் மெதுவாக.

அதன்பின் ராத்தா வைத்ததே சட்டம். இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை இறங்கி நடக்க வேண்டும். இடையிடையே கேள்வி கேட்பார், சரியான பதில் வர வேண்டும். மழை பெய்தாலும், வாகனங்கள் நெருங்கினாலும் கருவியை நிறுத்திவிட வேண்டும். கங்காருகள் வீதிக்கு வரும் மாலைக்கு முன் தங்குமிடம் சேர வேண்டும். கைகுனாவைத் தாண்டியதும் கடிகாரத்தை 45 நிமிடம் முன்னே தள்ளச் சொன்னது ஒரு பலகை. "நாற்பத்தஞ்சு நிமிஷம் போயிட்டுது, கெதியா தங்க இடம் பாருங்க" என்றார். மச்சான் மறுபேச்சுப் பேசவில்லை.

நான்காம் நாள் அடிலெய்டில், மச்சான் நொண்டாமல் படியேறிப் பேரப்பிள்ளையைக் கையில் வாங்கினார். கருவி வீண்போகவில்லை. ராத்தாவின் அச்சமும் வீண்போகவில்லை.

சகோதரிகளே, தூரப்பயணத்தில் வாகனம் ஓட்டுபவரின் பக்கத்தில் இருப்பவர் வெறும் பயணி அல்லர். கால் செய்யும் வேலையை இயந்திரம் ஏற்கலாம். அவர் விழித்திருக்கிறாரா என்று கேட்பதற்கு, பக்கத்தில் ஒருவர் விழித்திருக்க வேண்டும்.